டிக்கியில் என்ன இருக்கிறது? வாகனக் கேள்வி பதில்

மழையும் பண்டிகைப் பயணங்களும் சேர்ந்து வரும் மாதங்கள் இவை. நடுவழியில் வண்டி நின்றால் என்ன செய்வது, அதற்கு முன்பே என்ன செய்து வைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

இணையத்தில் 'கார் எமர்ஜென்சி கிட்' என்று ஒரு பை விற்கிறார்கள். ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, எச்சரிக்கை முக்கோணம், டார்ச், கையுறை எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பை நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். அந்த விலைக்கு வரும் ஜம்பர் கேபிள் (செத்த பேட்டரிக்கு வேறு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வயர்) பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். தடித்த ரப்பர் உறைக்குள் மெல்லிய கம்பி ஓடும். அட்டையில் 500 ஆம்ப், 1000 ஆம்ப் என்று என்ன அச்சடித்திருந்தாலும், செல்ஃப் அடிக்கும்போது கேபிள்தான் சூடாகும், என்ஜின் சுற்றாது. டார்ச்சுக்குள் போட்டே அனுப்பிய செல், டிக்கிச் சூட்டில் கசிந்து டார்ச்சையும் சேர்த்துக் கெடுக்கும்.

தனித்தனியாக வாங்குங்கள். காற்று அளக்கும் கேஜ், 12 வோல்ட் கம்ப்ரசர், நல்ல ஜம்பர் கேபிள், நெற்றியில் கட்டும் டார்ச் (கையில் பிடிக்கும் டார்ச் என்றால் வேலை செய்ய ஒரு கைதான் மிஞ்சும்), தோல் கையுறை, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, கூட்டல் குறி வடிவ வீல் ஸ்பேனர், ஓர் அடிக்கு ஓர் அடி பிளைவுட் துண்டு, 10 எம்.எம். ஸ்பேனர், பிளேடு ஃபியூஸ் சில, இன்சுலேஷன் டேப், பத்துப் பதினைந்து கேபிள் டை, ஒரு லிட்டர் கூலண்ட். முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் புது வண்டியோடு வந்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் மருந்துகளின் காலாவதித் தேதியை மட்டும் பாருங்கள்.

வாங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரு தடவை பயன்படுத்திப் பாருங்கள். கம்ப்ரசரின் வயர் பின் டயர் வரை எட்டுகிறதா? வீல் ஸ்பேனர் உங்கள் நட்டுக்குப் பொருந்துகிறதா? ஜாக்கிக்குக் கைப்பிடி இருக்கிறதா? பழைய கார் வாங்கியவர்களுக்குக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஜாக்கி இருக்கும், கைப்பிடி இருக்காது. பம்பரில் மாட்டும் இழுவைக் கொக்கியும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

கார் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஸ்டெப்னியைத் தொட்டதே இல்லை. புதிதாக இருப்பதால் நன்றாகத்தானே இருக்கும்?
– வாசகர், நாமக்கல்

புதிதாக இருக்கும், காற்று இருக்காது. எந்த டயரிலிருந்தும் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகக் கசியும். நான்கு வருடம் பார்க்காத ஸ்டெப்னி, மாட்டி ஜாக்கியை இறக்கியதும் தரையில் அமுங்கி உட்காருவதற்கு வாய்ப்பு அதிகம். காற்று பிடிக்கும் பையனிடம் "ஸ்டெப்னியும் பார்த்துடுப்பா" என்று சொல்லாவிட்டால் அவர் டிக்கியைத் திறக்கச் சொல்ல மாட்டார். வழக்கமான அளவைவிட 5 பி.எஸ்.ஐ. கூட்டி வைத்துவிடுங்கள். மாட்டும் நேரத்தில் அதிகமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் கம்ப்ரசர் வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஆறு வருடத்துக்கு மேல் என்றால் பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். பத்து வருடமானால் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாகவோ சின்னதாகவோ இருந்தால் அது பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. அதற்கான காற்றளவும் வேறு. அந்தச் சக்கரத்தின் மேலேயே எழுதியிருக்கும், சிலவற்றுக்கு 60 பி.எஸ்.ஐ. வரை வரும். அடுத்தது, ஏழு பேர் அமரும் வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி அடிப்பக்கம் சங்கிலியில் தொங்கும். டிக்கிக்குள் ஒரு துளை வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். சேறும் துருவும் ஏறினால் இறங்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி, அந்தச் சங்கிலிக்கும் சுற்றுக்கும் கிரீஸ் தடவி ஏற்றுங்கள்.

ஸ்டெப்னியே இல்லாத புதுக் கார்களும் இப்போது வருகின்றன. டியூப்லெஸ் டயர், காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி, பஞ்சர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி மாறியது. அப்படிப்பட்ட கார் உங்களுடையது என்றால் கீழே பஞ்சர் கிட் பற்றிய பதிலைக் கவனமாகப் படியுங்கள்.

என் மனைவி தினமும் 60 கி.மீ. தனியாக ஓட்டிப் போகிறார். டயர் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன், வீல் நட்டைக் கழற்றவே முடியவில்லை. எனக்கும் முடியவில்லை!
– வாசகர், விருதுநகர்

குற்றம் உங்கள் இருவருடையதும் அல்ல, டயர் கடைக் காற்றுத் துப்பாக்கியுடையது. சின்னக் காரின் வீல் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்குப் போதும். அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம் அது. துப்பாக்கியை 'டர்ர்' என்று நாலு விநாடி கூடுதலாகப் பிடித்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். வண்டியோடு வந்த ஸ்பேனரோ ஒரு சாண் சொச்சம் நீளம்தான். கழலாது.

அடுத்த தடவை சக்கரம் கழற்றி மாட்டும்போது கடைசி முறுக்கைக் கையால் போடச் சொல்லுங்கள். நீட்டி மடக்கும் கைப்பிடி உள்ள ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். 17, 19, 21 எம்.எம். ஆகியவற்றில் உங்கள் நட்டு எது என்று பார்த்து, அந்த அளவு சாக்கெட் அதில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நட்டு மரைக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள். சுலபமாகக் கழலும் என்று சிலர் போடுகிறார்கள். எண்ணெய் பட்ட மரையில் அதே பலத்துக்கு அதிக இறுக்கம் ஏறி போல்ட் நீண்டுவிடும்.

மாற்றும்போது வரிசை தப்பக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் நிலையில்), மாற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஸ்பேனரை இடப்பக்கம் நீட்டி மாட்டி, கீழ்நோக்கி அழுத்துங்கள். மேல்நோக்கி இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். விபத்துகள் நடப்பது இந்த இடத்தில்தான்.

ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே. முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று, பின் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று. வேறெங்கே வைத்தாலும் தகடு மடங்கும். தரை மண்ணாக இருந்தால் ஜாக்கிக்குக் கீழே பிளைவுட். கொஞ்சம் தூக்கியதும் ஸ்டெப்னியைப் படுக்கை வசத்தில் வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள், ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். பஞ்சர் சக்கரத்தைக் கழற்றியதும் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, இறக்கிய பிறகு முழு முறுக்கு. 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

பஞ்சர் கிட் நல்லதா, டயருக்குள் ஊற்றும் திரவம் நல்லதா?
– வாசகி, காரைக்குடி

கிட்தான். திரவம் அவசரத்துக்கு உதவும். ஆனால் பஞ்சர் கடைக்காரர் டயரைப் பிரித்ததும் உள்ளே கொழகொழவென்று கழுவ வேண்டியிருக்கும், காற்றழுத்த சென்சார் இருந்தால் அதன் துளையை அடைக்கவும் கூடும், நாலைந்து வருடத்தில் காலாவதியாகியும் விடும். இரண்டாலும் டயரின் பக்கவாட்டுக் கிழிசலைச் சரிசெய்ய முடியாது. தரையில் படும் பகுதியில் ஏறிய ஆணிக்குத்தான் இவை.

கிட்டில் இருப்பவை ஒரு துருவும் ஊசி, காதுள்ள ஓர் ஊசி, பிசுபிசுப்பான பழுப்புநிறப் பட்டைகள், பசை. ஆணியைப் பிடுங்குவதற்கு முன் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிடுங்கிய பிறகு துளை கண்ணுக்குத் தெரியாது. ஆணி எந்தக் கோணத்தில் ஏறியிருந்ததோ அதே கோணத்தில் துருவும் ஊசியை விட்டுப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். பட்டையை ஊசிக் காதில் நடுவாகக் கோர்த்து, பசை தடவி, வெளியே இரண்டு செ.மீ. வால் மிச்சம் இருக்கும்வரை அழுத்தி உள்ளே தள்ளி, 'சரக்'கென்று ஊசியை மட்டும் இழுங்கள். மெதுவாக இழுத்தால் பட்டையும் கூடவே வரும். வாலை மூன்று எம்.எம். விட்டு வெட்டி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் துளையில் செருகும்போது என்ஜின் ஓட வேண்டும். அந்தத் துளைக்கான ஃபியூஸ் பெரும்பாலும் 15 ஆம்ப், நிறம் நீலம். பெரிய கம்ப்ரசர் அதை எரித்துவிடும். அதனால் நீல ஃபியூஸ் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். சிவப்பு 10, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்ப். எரிந்ததற்கு அதே நிறம்தான். நீலத்துக்குப் பதில் பச்சை போட்டால் அடுத்து எரிவது வயர்.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாமா? கம்ப்யூட்டர் போய்விடும் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார்.
– வாசகர், சேலம்

கேபிளை மாற்றி மாட்டினால் போகும். சரியாக மாட்டினால் ஒன்றும் ஆகாது. அதற்கு முன், அந்த 'டிக் டிக்' எப்போதும் பேட்டரி செத்ததன் அடையாளம் அல்ல. டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் 10 எம்.எம். ஸ்பேனரால் இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றித் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுங்கள்.

இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிகிறது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும், 12.5-லேயே நின்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள், ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட்தான் காரணம். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு வருடத்துக்கு மேல் ஒரு பேட்டரியை நம்பி நீண்ட பயணம் போக வேண்டாம்.

ஜம்ப் ஸ்டார்ட் முறை இதுதான். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். அதன் மறுமுனையைச் செத்த பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டாதீர்கள். அந்த வண்டி என்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பு ஏதாவது ஒன்றில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் அங்கே இருந்தால் பேட்டரி வெடிக்கும். நல்ல வண்டியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு செல்ஃப் ஐந்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம்; கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. கிளம்பியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். கேபிள் பெட்ரோல் கார் என்றால் 16 சதுர எம்.எம்., டீசல் என்றால் 25. சுத்தச் செம்பாக இருக்கட்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கியர் வண்டியில், பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் இரண்டாவது கியரில் முடியும். டாஷ்போர்டு விளக்கே எரியவில்லை என்றால் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் இல்லை. தெருவே சேர்ந்து தள்ளினாலும் வீண். ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பேச்சே இல்லை.

பவர் பேங்க் மாதிரி சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கிக் காரிலேயே வைத்திருக்கிறேன். சரிதானே?
– வாசகர், வேலூர்

நல்ல பொருள், இடம்தான் தவறு. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் இருக்கும் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பும். வேலூர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். வீட்டில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற்றி, நெடும்பயணத்துக்கு மட்டும் எடுத்துப் போங்கள்.

கொடைக்கானல் ஏறும்போது என்ஜின் சூடு முள் சிவப்புக்குப் போய்விட்டது. தண்ணீர் ஊற்றிச் சமாளித்தோம். அடுத்த முறை வராமல் இருக்க?
– வாசகி, மதுரை

எதில் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. கொதிக்கும் என்ஜினின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது அதைவிட மோசம். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் அந்தத் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

முள் நடுவைத் தாண்டும்போதே ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும். ஆனால் அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்து என்ஜின் சூட்டை இழுக்கும். சில கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரிந்தால் அடுத்த வளைவு வரை கூடப் போகாமல் ஓரங்கட்டுங்கள். என்ஜினை நிறுத்தி, ஆவி வரவில்லை என்றால் பானெட்டைத் திறந்து, குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மூடியின் மேல் தடித்த துணி போட்டு, கால் சுற்று திருப்பி, சீறல் அடங்கிய பிறகு முழுதும் திறங்கள். ஊற்றுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

இனி வராமல் இருக்க: குளிர்ந்த நிலையில் வெள்ளைத் தொட்டியில் கூலண்ட் 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா பாருங்கள். மாதாமாதம் குறைந்தால் எங்கோ கசிகிறது. வாட்டர் பம்பு, ஹோஸ் கிளிப் இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பழக்கினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும். ஏ.சி. போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாள் பாருங்கள். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே.

தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் நியூட்ரலில் இறங்குவதாகச் சொல்கிறார்கள். காரில் அப்படிச் செய்தால் பெட்ரோல் மிச்சமாகுமா?
– வாசகர், தர்மபுரி

ஆகாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில், கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முழுக்க நிற்கும்; சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்கு (என்ஜின் சும்மா ஓடுவதற்கு) எரியும். மிச்சம் என்று நினைத்து அதிகம் செலவழிப்பதோடு, என்ஜின் தரும் இலவச பிரேக்கும் போய்விடும். மொத்தச் சுமையும் பிரேக் பேடின் மேல். சூடு ஏறி, பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழி வந்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதில் 230 டிகிரி வரை தாங்கும்; ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறோம். பார்க்கத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கருகிய வாசனை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடும். என்ஜினை அணைத்து உருட்டவே கூடாது. ஸ்டியரிங் கனக்கும், பிரேக் இரண்டு மூன்று அழுத்தலுக்கு மேல் மரத்துவிடும்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 28 மீட்டர் கடக்கிறது. பத்தடி தள்ளி வைத்த முக்கோணத்தை அதை ஓட்டி வருபவர் பார்க்கும்போது பிரேக்கில் கால் வைக்கவும் நேரமில்லை. நான்குவழிச் சாலையில் 100 மீட்டராவது பின்னால் வையுங்கள், நடந்தால் ஏறக்குறைய 130 எட்டு. வளைவிலோ மேம்பாலத்திலோ நின்றால் வளைவுக்கு முன்னாலேயே. முக்கோணத்தை விரித்து உங்களுக்கு முன்னே பிடித்தபடி, சாலைக்கு வெளியே மண்ணில் நடந்து போங்கள்.

அதற்கும் முன், நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று போன் பேசுவதும், வலப்பக்க டயரைச் சாலையில் உட்கார்ந்து மாற்றுவதும் உயிரோடு விளையாடுவது. ரிம் கெட்டாலும் பரவாயில்லை, 20 கி.மீ. வேகத்தில் உருட்டிக்கொண்டே அகலமான இடத்துக்குப் போய்விடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஆம்புலன்சுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112. கூப்பிடும்போது "விழுப்புரம் தாண்டி" என்றால் அவர்களுக்குப் புரியாது. சாலையோரக் கல்லில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும் எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு இருப்பதால் திசை தெரியாவிட்டால் உதவி வண்டி எதிர்ப்பக்கம் வந்து நிற்கும்.

ஒரு வேண்டுகோள். முக்கோணத்துக்குப் பதிலாகக் கல்லையும் முறித்த மரக்கிளையையும் வைத்து, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். இரவில் பைக்கில் வருபவர் அந்தக் கல்லில்தான் மோதுகிறார்.

தேங்கிய மழைநீரில் கார் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தது தவறு என்கிறார்கள். ஏன்?
– வாசகி, சென்னை

காற்றை அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், செல்ஃப் அடித்ததும் மேலே வரும் பிஸ்டன் அதன்மேல் முட்டி, கனெக்டிங் ராடு வளையும். நின்ற வண்டிக்கு முப்பதாயிரம் ஆகும் செலவு, ஒரு தடவை சாவியைத் திருப்பியதில் லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸிலும் இதுதான் சிக்கல். முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு உண்டு. ஆனால் தண்ணீரில் நின்றதை ஸ்டார்ட் செய்து கெடுத்த என்ஜினுக்கு, 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் பணம் வரும். சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் 2015, 2023 டிசம்பர்களுக்குப் பிறகும் அதை எடுக்காமல் இருப்பது ஆச்சரியம்தான்.

சாவியை எடுத்துவிடுங்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். கதவில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். ஆயில் குச்சியில் எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. எடுத்துப் போகச் சக்கரம் தரையில் படாத ரெக்கவரி வண்டியைக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக், நாலு சக்கர இழுவை, மின்சார வண்டி ஆகிய மூன்றையும் எப்போதும் அப்படித்தான் கொண்டுபோக வேண்டும்.

டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். ஐந்து லிட்டர்தான். மேலே டீசல் நிரப்பி ஓட்டிவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். டீசல்தான் உயரழுத்தப் பம்புக்கு எண்ணெய்ப் பசை. பெட்ரோல் கலந்தால் பம்பு உராய்ந்து, இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை போகும். சாவியை 'ஆன்' நிலைக்குக் கூடத் திருப்பாதீர்கள். பல கார்களில் அப்போதே டேங்க் பம்பு ஓட ஆரம்பிக்கும். நியூட்ரலில் ஓரமாகத் தள்ளி, டேங்க்கை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றிய பிறகே ஸ்டார்ட். பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் நீண்ட பயணம் போகிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகர், தென்காசி

கிளட்ச் கேபிள் ஒன்று. பையில் வேண்டாம், இப்போதுள்ள கேபிளோடு சேர்த்து, இரண்டு முனையையும் டேப் சுற்றி, வண்டியிலேயே பொருத்தி வைத்துவிடுங்கள். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். ஸ்பார்க் பிளக்கும் அதன் ஸ்பேனரும், அறுந்த செயினை இணைக்கும் செயின் லாக், இரண்டு ஃபியூஸ், டியூப் டயர் என்றால் அந்த அளவு டியூப், டியூப்லெஸ் என்றால் பட்டைக் கிட்டும் கால் பம்பும். பாட்டிலில் பெட்ரோல் வேண்டாம்.

வண்டி கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: என்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு. 2020-க்குப் பிந்தைய பல வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் ஸ்டார்ட் ஆகாது. கீழே விழுந்து எழுந்த வண்டி அடம்பிடித்தால் சாவியை அணைத்து மறுபடி போடுங்கள். சாய்வு சென்சார் என்ஜினை நிறுத்தியிருக்கும்.

தீயணைப்பான் எங்கே வைப்பது?
– வாசகர், சிவகாசி

ஓட்டுநர் சீட்டுக்கு அருகே, கை எட்டும் தூரத்தில். டிக்கியில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் டிக்கி திறக்காமல் போகலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் வகை போதும். முள் பச்சையில் இருக்க வேண்டும். ஓட்ட அதிர்வில் பவுடர் அடியில் இறுகும். மாதம் ஒரு தடவை தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். பானெட்டுக்கு அடியில் புகை வந்தால் முழுதும் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும். பூட்டை மட்டும் விடுவித்து, இடுக்கு வழியே அடியுங்கள். ஒரு கிலோ சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அணையாவிட்டால் ஓடிவிடுங்கள்.

கதவு திறக்காவிட்டால் சீட்டின் தலையணைக் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகி, நாகர்கோவில்

தலையணை அதற்காகச் செய்யப்பட்டதல்ல, பல கார்களில் கழற்றவும் வராது. பெல்ட் வெட்டும் கத்தியோடு சேர்ந்த சின்னச் சுத்தியை ஓட்டுநர் கதவுப் பையில் வையுங்கள். முன் கண்ணாடியை அடிக்காதீர்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது, விரிசல் விடும், உதிராது. பக்கக் கண்ணாடியின் கீழ்மூலையில், நடுவில் அல்ல, ஓங்கி ஒரு குத்து. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் அதே ஒட்டு வகை. கண்ணாடி மூலையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளில் எந்த வகை என்று இருக்கும், இன்றே பார்த்துவிடுங்கள்.